காய்ச்சல் அடிக்கிறது, நாளைக்கு வகுப்பு இருக்கிறது: சிங்கப்பூர்ப் பெற்றோரும் மாணவரும் கேட்கும் கேள்விகள்

மகன் படிக்கும் பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் நான் இருக்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அக்கா, பிள்ளைக்கு உடம்பு சுடுது. நாளைக்கு அனுப்பலாமா?" கொவிட் காலத்தில் இதற்கு அரசாங்கமே பதில் சொல்லிவிட்டது. இன்றைக்கு அந்த முடிவைப் பெரும்பாலும் நம்மிடமே விட்டுவிட்டார்கள், அதனால் குழப்பமும் கூடிவிட்டது. தொடக்கப்பள்ளிப் பெற்றோர் முதல் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் வரை என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில விவரங்கள் பள்ளிக்குப் பள்ளி மாறும். அவற்றுக்கு உங்கள் மாணவர் கையேட்டையே நம்புங்கள்.

கொவிட் விதிமுறைகளில் எதுவெல்லாம் இன்னும் நடப்பில் இருக்கிறது?

வாசலில் ஸ்கேன் செய்வது, தினமும் இரண்டு முறை வெப்பநிலையைப் பதிவது, தேர்வு மண்டபம் போலத் தள்ளித் தள்ளிப் போட்ட மேசைகள், எல்லாம் போய்விட்டன. பள்ளிகளில் முகக்கவசம் அணிவது 2022 ஆகஸ்ட் 29 முதல் அவரவர் விருப்பம். 2023 பிப்ரவரி 13 அன்று நோய் அபாயத்தை நிறங்களால் காட்டும் நோய்ப்பரவல் விழிப்புநிலை மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது. அன்றோடு பேருந்திலும் ரயிலிலும்கூட முகக்கவசக் கட்டாயம் முடிந்தது. கொவிட்டை மற்ற சுவாசத் தொற்றுகளைப் போலவே நடத்தத் தொடங்கினார்கள்.

கொவிட்டுக்கு முன்பே இருந்த பழைய விதி ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது. உடம்பு முடியாதவர் வகுப்புக்கு வரக்கூடாது. இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு விதியை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதைப் பற்றித்தான்.

காய்ச்சல் இல்லை, மூக்கு மட்டும் ஒழுகுகிறது. அனுப்பலாமா?

மூக்கு ஒழுகும் நாளெல்லாம் வீட்டில் வைத்துக்கொண்டால் இங்கே பல பிள்ளைகள் பாதி நாள் பள்ளியைப் பார்க்கவே மாட்டார்கள். காலையில் ஒவ்வாமையால் பத்துத் தும்மல் போட்டுவிட்டு, எட்டு மணிக்குத் தெளிந்துவிடும் பிள்ளைகள் நிறைய உண்டு. நான் பார்ப்பது இவைதான்: காய்ச்சல் இருக்கிறதா, இருமல் விடாமல் வருகிறதா, பிள்ளை வழக்கம்போல் சாப்பிட்டு வாயாடிக்கொண்டு இருக்கிறதா. பிடித்த தோசையைத் தொடாமல் சோபாவில் சுருண்டு படுத்தால் வெப்பமானி என்ன காட்டினாலும் அன்று வீடுதான்.

38 டிகிரியைத் தொட்டால் யோசிக்கவே வேண்டாம். அப்புறம், காய்ச்சல் விட்டதும் மறுநாள் காலையிலேயே சீருடையை மாட்டிவிடாதீர்கள். மருந்து எதுவும் கொடுக்காமலேயே முழுதாக ஒரு நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்கட்டும்.

பனடால் கொடுத்து அனுப்புவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மருந்து நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை காய்ச்சலை இறக்கி வைக்கும். ஆனால் கிருமி எங்கும் போகாது. காலை ஆறரைக்குக் கொடுத்தால் இடைவேளை முடியும் நேரத்தில் பிள்ளைக்கு மறுபடி சுடும், பள்ளி அலுவலகத்திலிருந்து உங்களுக்குத் தொலைபேசி வரும். அதற்குள் பிள்ளை நாற்பது பேரோடு நான்கு பாடவேளை உட்கார்ந்திருக்கும்.

ஆண்டு முழுவதும் விடுப்பே எடுக்காத பிள்ளைக்குப் பரிசு தருவது நல்லதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2019-ல் மகன் பாலர் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அந்தப் பள்ளியில் முழு வருகைக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். ஓரத்தில் தங்க நிறக் கோடு போட்ட தடித்த அட்டை. அக்டோபர் வரை அவன் ஒரு நாளும் தவறவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு விடியற்காலை 37.8 காட்டியது. "இவ்வளவு தூரம் வந்துட்டு இப்போ விடுறதா?" என்று நானே சொல்லிக்கொண்டு, மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பதினொரு மணிக்கு அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் வாசிப்பு மூலையில், மெத்தையில் படுத்திருந்தான். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. பக்கத்தில் அவன் நண்பன், ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தோடு முகம் வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல். அவர்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி இருந்தார். பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. சுவரில் மாட்ட மனம் வரவில்லை.

நோயில்லாமல் ஓர் ஆண்டு போவது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்துக்குப் பரிசு வைத்தால், அது இல்லாத பிள்ளையையும் பெற்றோரையும் மறைக்கப் பழக்குகிறோம். உங்கள் பள்ளியில் இப்படி ஒரு பரிசு இருந்தால் ஆசிரியரிடம் பேசுங்கள். எம்சி, அதாவது மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழ், உள்ள நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலே போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எம்சி கட்டாயமா? பெற்றோர் கடிதம் போதாதா?

சாதாரண நாள் ஒன்றுக்குப் பல பள்ளிகள் பெற்றோர் கடிதத்தை ஏற்கும். ஓராண்டில் இத்தனை கடிதம்தான் என்று வரம்பும் வைத்திருக்கும். தேர்வு நாள், மதிப்பெண் உள்ள செய்முறை, வாய்மொழித் தேர்வு என்றால் எம்சி இல்லாமல் பேச்சே கிடையாது. பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் எம்சியைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். கெடு தாண்டினால் நோய் உண்மையாக இருந்தாலும் பயனில்லை. காய்ச்சலோடு படுத்திருக்கும்போதே கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

காணொளி வழியாக மருத்துவரைப் பார்த்து வாங்கும் எம்சியை உங்கள் கல்விநிலையம் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரு நிமிடம்கூடப் பேசாமல் எம்சியை அள்ளி வழங்கிய சேவைகள் இருந்தன. 2024-ல் சுகாதார அமைச்சு அதில் கடுமையான நடவடிக்கை எடுத்தது. அதனால் இப்போது எல்லாரும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். மருத்துவரின் பெயர் தெளிவாக இல்லாத சான்றிதழை வாங்கவே வேண்டாம். அக்கம்பக்கத்து மருந்தகத்திலோ (கிளினிக்) பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) காத்திருந்து வாங்கிய எம்சிக்கு எங்கும் மறுகேள்வி வந்து நான் பார்த்ததில்லை.

நான் ஸ்டூடன்ட் பாஸில் (வெளிநாட்டு மாணவர் அனுமதி) படிக்கிறேன். உடம்பு சரியில்லாமல் வகுப்பைத் தவறவிட்டால் பாஸ் போய்விடுமா?

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் மாணவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் விதிப்படி, மாத வருகை 90 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ, தக்க காரணமில்லாமல் தொடர்ந்து 7 நாள் வராவிட்டாலோ அது பாஸுக்கே ஆபத்து. கல்விநிலையம் ஆணையத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது.

இதில் "தக்க காரணமில்லாமல்" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஓய்வு தக்க காரணம்தான். தவறு நடப்பது வேறு இடத்தில். என் கணவரின் அக்கா மகன் தஞ்சாவூரிலிருந்து இங்கே படிக்க வந்தவன். முதல் ஆண்டில் இன்ஃபுளுவென்சா வந்து நான்கு நாள் விடுதி அறையிலேயே படுத்துக் கிடந்தான். ஊரில் அம்மா கொடுத்து அனுப்பிய மாத்திரையைப் போட்டுக்கொண்டானே தவிர மருத்துவரிடம் போகவில்லை. "எதுக்கு மாமி வீணா செலவு, காய்ச்சல்தானே?" என்றான். ஐந்தாம் நாள் எழுந்து போனபோது கையில் ஒரு தாளும் இல்லை. நான்கு நாளும் காரணமில்லாத வருகையின்மை. மருத்துவர் நடந்து முடிந்த நாள்களுக்குப் பின்தேதியிட்டு எம்சி தர மாட்டார், தரவும் கூடாது. முதல் நாளே போக வேண்டும். போக முடியாத அளவுக்குத் தளர்ந்திருந்தால் அறைத்தோழரை எழுப்புங்கள், விடுதி அலுவலகத்தை அழையுங்கள். உங்கள் கல்விநிலையம் வெளிநாட்டு மாணவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கிறதா, அதில் மருந்தகச் செலவு அடங்குமா என்பதைச் சேர்ந்த வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டாய விடுப்பு, வீட்டில் தங்கும் உத்தரவு, தனிமைப்படுத்தும் உத்தரவு, இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

மறுபடி ஒரு கொள்ளைநோய் வந்தால் இந்தச் சொற்கள் திரும்ப வரும். அதனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கட்டாய விடுப்பு மூன்றிலும் இலகுவானது. 2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து திரும்பியவர்களுக்கு 14 நாள் விடுப்பு கொடுத்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 14 முதல் வெளிநாடு போய்த் திரும்பிய மாணவர்கள் எல்லாருக்கும் அது வந்தது. நோய் இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை, எச்சரிக்கைக்காக வீட்டில் இருங்கள் என்பதுதான். வீட்டில் தங்கும் உத்தரவு 2020 பிப்ரவரியில் வந்தது. அது இன்னும் கடுமை. சாப்பாடு வாங்கக்கூட வெளியே போகக்கூடாது. தனிமைப்படுத்தும் உத்தரவு தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் வருவது. நோயாளியோடு நெருங்கிப் பழகியவர் என்று கண்டறிந்த பிறகு, உங்கள் பெயருக்கே கொடுக்கும் சட்ட ஆணை. மீறினால் முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

உத்தரவுப்படி வீட்டில் இருந்த பிள்ளை விருப்பப்பட்டு மட்டம் போட்ட பிள்ளை ஆகாது. இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். திரும்பி வகுப்புக்குப் போகும்போது "உனக்குக் கொரோனாவா?" என்று மற்றவர்கள் கேட்பார்கள் என்று அஞ்சிய பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து கற்ற நாள்களில் வருகைப் பதிவு எப்படி எடுத்தார்கள்?

2020 ஏப்ரல் 1 முதல் வாரத்துக்கு ஒரு நாள் வீட்டிலிருந்து கற்றல் என்று தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் நிலைமை மாறிவிட்டது. ஏப்ரல் 7 அன்று நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் ஆரம்பம். நாம் சர்க்கிட் பிரேக்கர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஏப்ரல் 8 முதல் எல்லாப் பள்ளிகளும் முழுக்க வீட்டிலிருந்து. ஜூன் விடுமுறையை மே 5-க்கு முன்னுக்கு இழுத்தார்கள். ஜூன் 2-ல் பள்ளிகள் படிப்படியாகத் திறந்து, ஜூன் 29 முதல் எல்லா வகுப்புகளும் தினமும் நடந்தன.

மகன் அப்போது தொடக்கநிலை 1. பள்ளியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் வீடே வகுப்பறை. எங்களுடையது மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அவன், மறுமுனையில் என் அலுவலக மடிக்கணினி, சமையலறையில் மாமியார் கடுகு தாளிக்கும் சத்தம். காலையில் வகுப்பாசிரியர் ஒவ்வொரு பெயராக அழைப்பார். மாணவர் கற்றல் தளத்தில் கொடுத்த வேலையை முடித்து அனுப்புவதும் வருகையாகக் கணக்கானது. ஒரு பிள்ளையின் முகம் இரண்டு நாள் திரையில் வராவிட்டால் ஆசிரியர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். "உடம்பு சரியில்லையா, இல்லை கணினி இல்லையா?" இரண்டாவது பதிலைச் சொல்லத் தயங்கிய குடும்பங்கள் பல. கேட்ட குடும்பங்களுக்குப் பள்ளிகள் கணினியை இரவல் கொடுத்தன. மருத்துவமனை போன்ற அத்தியாவசிய வேலைகளில் இருந்த பெற்றோரின் பிள்ளைகளைப் பள்ளியிலேயே பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஆசிரியர்களுக்கு நான் வாழ்நாள் முழுதும் கடன்பட்டிருக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளைகள் முப்பது பேரை ஒரு சின்னத் திரையில் வைத்துக்கொண்டு உயிர்மெய் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார் எங்கள் தமிழாசிரியர். "ஙகரம் யாருக்கு எழுத வரும், தாளைத் தூக்கிக் காட்டுங்க!" என்பார். முப்பது தாள்கள் ஆடும். பாதி தலைகீழாக இருக்கும்.

2021-லும் மே 19 முதல் 28 வரை ஒருமுறை முழுதாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பழக்கத்தின் ஒரு பகுதி நிலைத்துவிட்டது. உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் மாதத்துக்குச் சுமார் இரண்டு நாள் வீட்டிலிருந்து கற்கும் நாள் உண்டு. அவை விடுமுறை என்று நினைத்துவிட வேண்டாம், அந்த நாள்களுக்கும் வருகை உண்டு.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். பள்ளியிடம் ஏன் சொல்ல வேண்டும்?

பள்ளியும் பெற்றோரும் தொடர்புகொள்ளும் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் பயண விவரத்தைப் பதியச் சொல்வதைச் சிலர் வேண்டாத தலையீடாக நினைக்கிறார்கள். எங்கேனும் ஒரு நோய் திடீரென்று கிளம்பினால், எந்தெந்தப் பிள்ளைகள் அங்கே இருந்து வந்தார்கள் என்று ஒரே இரவில் கண்டுபிடிக்க அந்தப் பதிவுதான் உதவும்.

2021 ஏப்ரல் நம்மில் பலருக்கு மறக்காது. இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தபோது, ஏப்ரல் 23 நள்ளிரவு நெருங்கும் நேரத்திலிருந்து, அண்மையில் அங்கே இருந்த நீண்டகால அனுமதி அட்டைதாரர்கள் இங்கே நுழைய முடியாமல் போனது. தாத்தாவின் இறுதிச் சடங்குக்குப் போன பிள்ளைகளும் மாட்டிக்கொண்டார்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கான சிறப்புப் பயண ஏற்பாடு சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து தொடங்கியது அந்த ஆண்டு நவம்பர் 29 அன்றுதான். திருச்சிக்காரர்கள் சென்னைக்குப் போய் ஏற வேண்டியிருந்தது. நோய் பரவும் காலத்தில் ஊருக்குப் போவதென்றால், திரும்ப முடியாமல் போனால் பிள்ளையின் படிப்பு எப்படித் தொடரும் என்பதைக் கிளம்பும் முன்பே வகுப்பாசிரியரிடம் பேசிவிட்டுப் போங்கள்.

பல்கலைக்கழக வளாகங்களில் என்ன செய்தார்கள்?

2020 பிப்ரவரி 7 அன்று விழிப்புநிலை ஆரஞ்சுக்கு ஏறியதும் முதலில் நின்றவை பெரிய விரிவுரைகள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 50 பேருக்கு மேற்பட்ட வகுப்புகளை இணையத்துக்கு மாற்றியது. ஆகஸ்ட்டில் புதிய கல்வியாண்டு தொடங்கியபோது கெண்ட் ரிட்ஜ் வளாகத்தையே வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒரு வட்டாரத்தில் வகுப்பு உள்ளவர் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படிக்க வேண்டும். தோழி வேறு வட்டாரத்தில் இருந்தால் அவ்வளவுதான். நோய் வந்தால் ஒரு வட்டாரத்தோடு நிற்கும், வளாகம் முழுவதையும் மூட வேண்டியதில்லை என்பது கணக்கு. தினமும் இரண்டு முறை வெப்பநிலையைச் செயலியில் அறிவிக்க வேண்டியிருந்தது.

விடுதி மாணவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். பொதுக் குளியலறை, பொதுச் சமையலறை. காய்ச்சல் வந்தவர் அறைக் கதவுக்கு வெளியே சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கதவைத் தட்டி ஓடிய நண்பர்களைப் பற்றி அந்தத் தலைமுறை மாணவர்கள் இன்றும் நெகிழ்ந்து சொல்வதுண்டு. இன்றைக்கும் விடுதியில் இருப்பவர் பக்கத்து அறைக்காரரோடு ஓர் உடன்பாடு வைத்துக்கொள்வது நல்லது: எனக்கு முடியாவிட்டால் நீ கஞ்சி வாங்கி வா, உனக்கு முடியாவிட்டால் நான்.

தேர்வு நாளில் காய்ச்சல் வந்தால்?

போகாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், எம்சியோடு உடனே பள்ளிக்குச் சொல்லுங்கள். தேசியத் தேர்வுகளில் தக்க காரணத்தால் ஒரு தாளைத் தவறவிட்டவருக்குச் சிறப்புப் பரிசீலனை உண்டு. எழுதிய மற்ற தாள்களையும் பள்ளி மதிப்பெண்களையும் வைத்து மதிப்பிடுவார்கள். பள்ளியே விண்ணப்பிக்கும், நீங்கள் ஆதாரத்தைக் கொடுத்தால் போதும்.

கொள்ளைநோய்க் காலத்தில் பிள்ளைகள் பக்கம் நின்ற முடிவுகளும் உண்டு. 2020-ல் பள்ளிகள் வழக்கமாகக் கடைசியில் நடத்தும் பாடப்பகுதிகளைத் தேசியத் தேர்வுகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2021-ல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தாள் செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. அதற்கு முன் 25 முதல் 29 வரை தொடக்கநிலை 6 பிள்ளைகளை வீட்டிலேயே இருந்து படிக்கச் சொன்னார்கள். கடைசி நேரத்தில் வகுப்பில் யாருக்காவது தொற்று வந்து, ஒரு வகுப்பே தேர்வை இழக்கக்கூடாது என்பதற்காக.

தடுப்பூசி போடாவிட்டால் பள்ளியில் சேர்க்க மாட்டார்களா?

கொவிட் தடுப்பூசி ஒன்று, மற்ற தடுப்பூசிகள் வேறு. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள மாணவர்களுக்குக் கொவிட் தடுப்பூசி 2021 ஜூனில் தொடங்கியது. 5 முதல் 11 வயதினருக்கு அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று. பள்ளியில் படிக்க அது நிபந்தனை இல்லை.

தட்டம்மையும் தொண்டை அடைப்பான் நோயும் அப்படியல்ல, அவற்றுக்கு எதிரான தடுப்பூசி இங்கே சட்டப்படி கட்டாயம். வெளிநாட்டில் பிறந்த 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு நீண்டகால அனுமதி கேட்பவர்கள், இந்த இரண்டுக்கும் தடுப்பூசி போட்டதற்கோ நோய் எதிர்ப்பாற்றல் இருப்பதற்கோ 2019 பிப்ரவரி 1 முதல் ஆதாரம் காட்ட வேண்டும். ஊரிலிருந்து குடும்பத்தோடு வருபவர்களே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அந்தப் பழைய தடுப்பூசி அட்டையைப் பீரோவில் விட்டுவிட்டு வராதீர்கள். தேதியும் முத்திரையும் அழியும் நிலையில் இருந்தால் அங்கேயே மருத்துவரிடம் புதிதாக எழுதி வாங்கி வாருங்கள்.

கை, கால், வாய்ப்புண் நோய், சின்னம்மை, டெங்கி வந்தால் எத்தனை நாள்?

கை, கால், வாய்ப்புண் நோய்க்கு மருத்துவர் கொடுத்த விடுப்பு முடிந்து, கொப்புளங்கள் காய்ந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். பாலர் பள்ளிக்கு உடனே சொல்லிவிடுங்கள். அவர்கள் பொம்மைகளையெல்லாம் கழுவ வேண்டும். சின்னம்மைக்கு எல்லாப் பொக்கும் காய வேண்டும். டெங்கி ஆளுக்கு ஆள் ஒட்டாது. ஆனாலும் பிள்ளைக்கு ஓய்வு அவசியம், வீட்டில் தண்ணீர் தேங்கும் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள்.

ட்ரேஸ்டுகெதர் கருவி இன்னும் பிள்ளையின் பழைய புத்தகப்பையில் தொங்குகிறது. என்ன செய்வது?

கொவிட் காலத்தில் யார் யாருக்கு அருகில் இருந்தார் என்று தடமறியக் கொடுத்த இந்தக் கருவியை 2023 பிப்ரவரி 13 முதல் மார்ச் 12 வரை சமூக மன்றங்களில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அது முடிந்துவிட்டது. இப்போது அது எதையும் செய்வதில்லை. மின்கலம் உள்ள பொருள் என்பதால் சாதாரணக் குப்பையில் போடாமல் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளையை யார் பார்ப்பது?

இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. காய்ச்சலோடு வரும் பிள்ளைகளில் பலர் பெற்றோரின் அலட்சியத்தால் வருவதில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வருகிறார்கள். ஏழு வயதுக்குக் கீழே சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பிள்ளை இருந்தால், தகுதியுள்ள பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 7 முதல் 12 வயது வரை 2 நாள். குடியுரிமை இல்லாத பிள்ளையின் பெற்றோருக்கு, பிள்ளை ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் 2 நாள். கை, கால், வாய்ப்புண் நோய் ஒருமுறை வந்தாலே இது கரைந்துவிடும்.

இரண்டு நாளை அப்பா, இரண்டு நாளை அம்மா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அம்மாவின் விடுப்பு மட்டுமே தீர்கிறது. ஒரே புளோக்கில் இருக்கும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் உதவும். மேலாளரிடம் உண்மையைச் சொல்லுங்கள். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று கேட்பது முன்பைவிட எளிதாகிவிட்டது.

தாத்தா பாட்டி கூடவே இருக்கிறார்கள். சின்ன வீட்டில் எப்படிப் பிரித்து வைப்பது?

முழுதாகப் பிரிக்க முடியாது. முடிந்ததைச் செய்யுங்கள். பிள்ளை ஒரு அறையில், சன்னல் திறந்திருக்கட்டும். சாப்பாடு அங்கேயே. தட்டு, தம்ளர் தனி. பிள்ளையைக் கவனிப்பவர் ஒருவராக இருக்கட்டும், அவர் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். கஷ்டமான பகுதி பாட்டியைத் தடுப்பதுதான். பேரன் இருமும் சத்தம் கேட்டால் கஷாயத்தோடு கதவைத் திறந்துவிடுவார்கள். என் மாமியாருக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன்: கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை சொல்வது. தெனாலிராமனில் தொடங்கி, நாகப்பட்டினத்துக் கப்பல் கதைகள் வரை போனது. உள்ளேயிருந்து மகன் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

வெப்பமானி இன்னும் தேவையா? வீட்டில் என்ன வைத்திருக்கலாம்?

தேவைதான். 2003-ல் சார்ஸ் வந்தபோது நான் உயர்நிலை 2. மார்ச் 27 அன்று பள்ளிகளை மூடி ஏப்ரலில் திறந்தார்கள். திறந்ததும் ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்தார்கள். காலையில் வகுப்பு முழுவதும் அமைதியாக, நாக்குக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒவ்வொன்றாகப் பீப் பீப் என்று கத்தும். எண்ணைச் சின்னப் புத்தகத்தில் எழுத வேண்டும். அந்த ஆண்டு சிங்கப்பூரில் 238 பேருக்கு சார்ஸ் வந்தது, 33 பேர் இறந்தார்கள். பதினேழு ஆண்டு கழித்து என் மகன் அதே மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

வெப்பமானி ஒன்று, காலாவதி தேதி தாண்டாத ஏஆர்டி கருவி (வீட்டிலேயே கொவிட் சோதிப்பது) இரண்டு மூன்று, ஒரு பெட்டி முகக்கவசம், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் பக்கத்து மருந்தகத்தின் எண், வகுப்பாசிரியரைத் தொடர்புகொள்ளும் வழி. இவ்வளவு போதும். வெப்பமானியின் பேட்டரியை இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். பிள்ளைக்கு எப்போதும் இரவு பதினொரு மணிக்குத்தான் சுடத் தொடங்கும், அந்த நேரத்தில் கீழ்க்கடை மூடியிருக்கும்.